ஈட்டியும் சிசுவும்: எதை நடுவது, எதை வாங்குவது

கேள்வியின் சாரம் இது. கரூர் மாவட்டத்தில் அமராவதிக் கரையை ஒட்டி மூன்று ஏக்கர் நிலம். அதில் ஒரு பாதி ஆற்று மணல் கலந்த வண்டல், மறுபாதி ஒரு மழை பெய்தால் சில நாட்கள் தண்ணீர் வடியாத களி. நாற்றுப்பண்ணையில் ‘ரோஸ்வுட்’ என்ற ஒரே பெயரில் இருவகைக் கன்றுகளைக் காட்டுகிறார்கள். மரச்சாமான் கடையில் சீஷம் கட்டிலை ‘அசல் ரோஸ்வுட்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே மரமா, எதை நடலாம், கட்டில் வாங்கினால் ஏமாறுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே மரம் அல்ல. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு தனி இனங்கள். ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. மற்றது இமயமலை அடிவாரத்து ஆறுகளின் மரமான டால்பெர்ஜியா சிஸ்ஸூ. வடக்கே அதைச் சீஷம் என்பார்கள், நம் பண்ணைகளில் சிசு என்ற பெயரில் கிடைக்கிறது. டால்பெர்ஜியா பேரினத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பிரேசிலின் புகழ்பெற்ற ரோஸ்வுட்டும் ஆப்பிரிக்கக் கருமரமும் இதே குடும்பக் கிளையைச் சேர்ந்தவைதாம். ஆகவே சீஷத்தை ரோஸ்வுட் என்று சொல்லும் கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் தென்னிந்திய மரவாடிகளில் அடைமொழி இல்லாமல் ரோஸ்வுட் என்றால் அது ஈட்டியையே குறிக்கும். விலையும் அந்த எண்ணத்தில்தான் சொல்லப்படுகிறது. குழப்பம் லாபமாக மாறும் இடம் அதுதான்.

இந்த இரண்டு மரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை, அதாவது கட்டையின் நிறம், விலை, நோய், சட்டம் ஆகியவை எல்லாம், ஒரே ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. சிசு, ஆறு புதிதாகக் கொண்டுவந்து குவித்த மணல்திட்டில் முதலில் கால் ஊன்றி, வெயிலில் விரைந்து வளரும் மரம். ஈட்டியோ, ஏற்கெனவே நிலைபெற்ற காட்டுக்குள் மற்ற மரங்களின் இடையே பொறுமையாக எழும் மரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் கன்றை அடையாளம் காண்பதைப் பார்ப்போம், ஏனெனில் பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான். இரண்டுக்கும் கூட்டிலை, நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும். சிசுவில் ஒரு கூட்டிலைக்கு மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய வட்டமாகத் தொடங்கி, நுனியில் திடீரெனக் குவிந்து ஒரு சிறு வாலாக நீளும். சிற்றிலைகள் ஒட்டியிருக்கும் காம்பு நேராக இல்லாமல் ஒவ்வொரு சிற்றிலையிடத்தும் சற்றே ஒடிந்து திரும்பியதுபோல வளைந்து வளைந்து செல்லும்; இந்த வளைவை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு தவறவே மாட்டீர்கள். ஈட்டியில் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும். இலை அகன்று தடித்திருக்கும். நுனியில் வால் கிடையாது. நுனி மழுங்கி வட்டமாக இருக்கும், அல்லது நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும். விரல் நுனியால் இலையின் முனையைத் தடவினால் போதும்: குத்தும் வால் இருந்தால் சிசு, வழுவழுப்பான வளைவு இருந்தால் ஈட்டியாக இருக்க வாய்ப்பு உண்டு.

‘வாய்ப்பு உண்டு’ என்று தயங்கிச் சொல்லக் காரணம் வேங்கை. வேங்கைக் கன்றுக்கும் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள்தாம், நுனியும் அதேபோல உள்வாங்கியிருக்கும். பண்ணைக்காரருக்கே சில நேரம் மாறிவிடுகிறது. சந்தேகம் வந்தால் வளர்ந்த தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேங்கையின் பட்டையைக் கீறினால் இரத்தம்போலச் சிவந்த பிசின் கசியும். ஈட்டியில் அது வராது. வேங்கை தன்னளவில் நல்ல மரம்தான் என்றாலும், ஈட்டி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இன்னொரு சிக்கல், மலபார் ரோஸ்வுட் எனப்படும் டால்பெர்ஜியா சிஸ்ஸாய்டஸ். ஈட்டிக்கு மிக நெருங்கிய இந்த மரத்தை ஈட்டியின் ஒரு வகையாகவே சில தாவரவியலாளர்கள் வைத்திருந்தார்கள். கன்றுப் பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது பயிற்சி உள்ளவர்களுக்கே கடினம். அதற்காக நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

வளர்ந்த மரங்களில் பட்டையும் காயும் உதவும். சிசுவின் பட்டை தடித்து, நீளவாட்டில் ஆழமாகப் பிளந்திருக்கும். ஈட்டியின் பட்டை சாம்பல் நிறத்தில், ஒப்பீட்டளவில் மெல்லியதாக, நார்நாரான செதில்களாக உரியும். இரண்டின் நெற்றும் தட்டையானது, தானாக வெடிக்காதது, காற்றில் பறப்பது. சிசுவின் நெற்று குறுகலான பட்டைபோல இருக்கும். ஈட்டியின் நெற்று அதைவிட அகன்றது. சிசு நெற்றுகள் இலையுதிர்ந்த பின்னும் கொத்துக்கொத்தாய்க் கிளையிலேயே காய்ந்து தொங்குவதைத் தொலைவிலிருந்தே காணலாம்.

இனி வாழ்விடத்துக்கு வருவோம். உங்கள் நிலத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சிந்துவிலிருந்து அசாம் வரையில், இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகள் சரளையையும் மணலையும் கொட்டிவிட்டுத் தடம் மாறும்போது, அந்த வெற்றுத் திட்டில் கருவேலின் உறவான கைர் மரமும் சிசுவும் சேர்ந்து முதலில் முளைக்கும். காற்றும் வெள்ளமும் நெற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். வேரிலிருந்தே புதிய கன்றுகள் கிளம்பித் திட்டை மூடும். இந்த வேகத்தைக் கண்டுதான் 1866-ஆம் ஆண்டு வாக்கில் லாகூருக்குத் தெற்கே சங்கா மங்கா என்ற இடத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டிப் பாசனத்துடன் சிசுத் தோப்பு போட்டார்கள். பஞ்சாப் மாநிலத்தின் மாநில மரமும் இதுவே. வேகம் ஒரு குற்றமாகவும் ஆகலாம்: ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் நிழலுக்காகக் கொண்டுபோன சிசு, இன்று அடக்க முடியாத களைமரமாகப் பார்க்கப்படுகிறது.

ஆற்றுத் திட்டில் பிறந்த மரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஓடும் நீர் அருகில் இருப்பதை அது விரும்பும். வேரைச் சுற்றித் தேங்கும் நீரைத் தாங்காது. 1990-களில் நேபாளத் தாழ்நிலம், பீகார், உத்தரப் பிரதேசம், வங்கதேசம், பாகிஸ்தான் என எங்கும் சாலையோரச் சிசுக்களும் தோப்புச் சிசுக்களும் நுனியிலிருந்து காய்ந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஃபியூசேரியம் என்ற வேர்ப் பூஞ்சை ஏற்படுத்தும் வாடல் நோய் இதில் முதன்மையாகப் பேசப்படுகிறது. ஆனால் பூஞ்சையை மட்டும் குறை சொல்வது பாதி உண்மைதான். இறுகிய களியிலும் வடிகாலற்ற கால்வாய்க் கரைகளிலும் மரத்தை நட்டு, வேர் மூச்சுமுட்டிய பிறகுதான் பூஞ்சைக்கு வழி திறந்தது. உங்கள் களிமண் பாதியில் சிசு நட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே. முதல் நான்கைந்து ஆண்டுகள் அங்கும் அது செழித்து வளர்ந்து உங்களை நம்பவைக்கும்; கட்டை சேரத் தொடங்கும் நேரத்தில் காயத் தொடங்கும்.

ஈட்டியின் வாழ்க்கை வேறு. வயநாடு, நிலம்பூர், குடகு, கூடலூர், முதுமலை, ஆனைமலை ஆகிய பகுதிகளின் இலையுதிர் காடுகளில், குறிப்பாக ஈரப்பதம் மிகுந்தவற்றில், தேக்கோடும் வேங்கையோடும் மருதோடும் கலந்து நிற்கும். நடு இந்தியாவிலும் ஒடிசாவிலும் சிதறலாக உண்டு. கடல் கடந்து ஜாவாவில் சோனோகெலிங் என்ற பெயரில் பரவலாக வளர்க்கப்படுகிறது. உலகச் சந்தைக்குப் போகும் இந்தியன் ரோஸ்வுட்டில் கணிசமான பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருவது பலருக்குத் தெரியாது. இளம் ஈட்டி ஓரளவு நிழலைத் தாங்கும், காபித் தோட்டங்களில் நிழல்மரமாகவும் நிற்கும். ஆழமான, வடிகால் நன்றாக உள்ள மண்ணும் போதிய மழையும் கிடைத்தாலும் அது அவசரப்படாது. அறுக்கத்தக்க பருமனுக்குக் காட்டில் வளர்ந்த ஈட்டி வந்து சேர நூறாண்டைத் தாண்டும். விதையின் உயிர்ப்பும் குறுகிய காலமே. சில மாதங்களில் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வேர்க்கன்றும் வேர்த்துண்டும் கொண்டு பெருக்குவதே பல இடங்களில் எளிது. பல காடுகளில் இது அருகிவிட்டதற்குக் காரணம் வெட்டு மட்டுமல்ல. மேய்ச்சலும் தீயும் இந்த மெதுவான கன்றுகளைத் தலையெடுக்கவிடாமல் செய்ததும் ஒரு காரணம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ஈட்டி அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாகவும், சிசு கவலைக்குரியதல்லாத இனமாகவும் இடம்பெற்றுள்ளன.

கட்டைக்கு வருவோம். மெதுவாக வளரும் ஈட்டியின் வைரம், அதாவது முதிர்ந்து நிறம் ஏறிய உட்கட்டை, பொன் கலந்த பழுப்பிலிருந்து கத்தரிப்பூ நிறம் வரை போகும். அதில் கருங்கோடுகள் ஓடும். புதிதாக இழைக்கும்போது ஒரு மென்மையான நறுமணம் எழும், ரோஜாவின் பெயர் இந்த இனக் கட்டைகளுக்கு வந்ததே அந்த மணத்தால்தான். சிசுவின் வைரம் பொன்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை. கோடுகள் உண்டு, ஆனால் ஊதாச் சாயல் அரிது. பருவத்துக்குப் பருவம் வளர்ச்சி வேகம் மாறுவதால் சிசுவின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் ஓரளவு தெளிவாகத் தெரியும், நீர் ஏறும் நுண்துளைகளும் வளையத்தின் தொடக்கத்தில் பெரிதாக அமைவது உண்டு. ஈட்டியில் துளைகள் பரவலாகச் சிதறிக்கிடக்கும். இரண்டிலும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிப்புற வெள்ளைக்கட்டை மட்டமானது. வண்டு துளைப்பது அதைத்தான்.

எடையைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக உலர்ந்த ஈட்டி கன மீட்டருக்குச் சராசரியாக 830 கிலோ, சிசு 770 கிலோ. கன அடிக்கு மாற்றினால் முறையே 23.5 கிலோவும் 22 கிலோவுக்குச் சற்றுக் குறைவும் வரும். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலான வித்தியாசத்தைக் கட்டிலின் காலைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதிலும் மரத்துக்கு மரம் இதைவிட அதிக வேறுபாடு உண்டு. தண்ணீரில் மூழ்கினால் ஈட்டி, மிதந்தால் சிசு என்பதும் தவறு. இந்த எடைக்கு உலர்ந்த ஈட்டியும் மிதக்கவே செய்யும். பச்சைக் கட்டை மூழ்குவதைப் பார்த்தவர்கள் சொன்ன கதை அது. கடினத்தில்தான் மெய்யான இடைவெளி இருக்கிறது: கட்டையின் கடினத்தைச் சொல்லும் அமெரிக்க ஜங்கா அளவையில் (பவுண்டு விசையில்) ஈட்டி ஏறத்தாழ 2,440, சிசு 1,660. ஆசாரிக்கு இந்த எண் தேவையில்லை, உளியே சொல்லிவிடும். ஈட்டியின் துளைகளில் சுண்ணாம்புப் படிவுகள் இருப்பதால் இழைப்புளியின் தகடு விரைவில் மழுங்கும். இரண்டின் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும்; அறுப்பவர் மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

ஆகவே கட்டில் வாங்கப் போனால் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். அது வால்நட் நிறம், மகோகனி நிறம் என்று ஏதோ ஒரு பூச்சில் மூழ்கியிருக்கும். அடியில் குனிந்து பாலிஷ் படாத குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வெளிறிய வெள்ளைப் பட்டையும் அதன் பக்கத்தில் பழுப்பு வைரமும் ஒரே சட்டத்தில் தெரிந்தால், அது பெரும்பாலும் இளம் சிசுவை அறுத்தது. சட்டங்கள் அகலக் குறைவான பலகைகளை ஒட்டிச் சேர்த்தவையாக இருந்தாலும் அதுவே பொருள். சிசுக் கட்டில் கெட்ட கட்டில் அல்ல. வட இந்தியாவில் கட்டில், வண்டிச் சக்கரம், தபலாவின் உடல் என்று தலைமுறைகளாக உழைத்த மரம் அது. சகாரன்பூரின் செதுக்கு வேலைப்பாடுகளும் இதில்தான். வைரப் பகுதியில் செய்த சிசுக் கட்டிலைச் சிசு விலைக்கு வாங்கினால் உங்களுக்கு நட்டமில்லை. ஈட்டியோ மைசூரின் பதிப்பு வேலைப்பாட்டுக்கும், மெல்லிய சீவல் தகடுகளுக்கும், கித்தார்களின் முதுகுக்கும் போகிறது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதன்பின் உலகக் கித்தார் சந்தையே நம் மலைகளை நோக்கித் திரும்பியது என்று சொன்னால் மிகையாகாது.

வணிகச் சட்டம் இந்த இரண்டையும் நெடுநாள் ஒரே கயிற்றில் கட்டிவைத்தது. கள்ளக் கட்டையைச் சுங்கத்தில் இனம் பிரித்து அறிய முடியாததால், 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம்) மாநாடு, ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும், அனுமதி பெற்றே ஏற்றுமதி செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஈட்டியைக் காக்க வேண்டிய வேலியில் அகப்பட்டது வடநாட்டுச் சிசுக் கைவினைஞர்கள்தாம். ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த இந்தக் கைவினை ஏற்றுமதி 500–600 கோடி அளவுக்கு இறங்கியது என்றும், ஏறத்தாழ 50,000 கைவினைஞர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றும் இந்திய அரசு கூறியது. 2019-இல், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. சிசுவைப் பட்டியலிலிருந்தே நீக்கக் கேட்ட கோரிக்கை அப்போது ஏற்கப்படவில்லை. 2022 நவம்பரில் பனாமாவில், ஒரு பொருளில் உள்ள சிசுக் கட்டை 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எத்தனை பொருட்களானாலும் ஒரே சரக்கில் அனுமதியின்றி அனுப்பலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். கொடுமை நடந்தது கைவினைஞர்களுக்கு என்றாலும், பேரினம் முழுவதையும் சேர்த்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அறுத்துப் பூச்சடித்த பலகையை வைத்துக்கொண்டு இனம் சொல்லச் சுங்க அலுவலரிடம் நுண்ணோக்கியும் பயிற்சியும் இருப்பதில்லை.

உள்நாட்டில் ஈட்டியின் நிலை இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1994-ஆம் ஆண்டின் ரோஸ்வுட் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்டுவதை அது தடுத்தது. கால வரம்பு வைத்து இயற்றிய சட்டம் ஆதலால், வெட்ட நினைக்கும் காலத்தில் எந்த விதி நடப்பில் உள்ளது என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். கேரளத்தில், அரசு ஒப்படைத்த நிலங்களில் தானாக நிற்கும் ஈட்டி, தேக்கு, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கே உரியவை. 2020 அக்டோபரில் வந்த ஒரு வருவாய்த்துறை உத்தரவைக் காட்டி, வயநாட்டின் முட்டில் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டிகளை வெட்டிச் சாய்த்த வழக்கு இந்த உரிமைச் சிக்கலில்தான் பிறந்தது. நட்ட மரமா, தானாக நின்ற மரமா என்ற கேள்வி அங்கே கோடிகளின் கேள்வியாகிவிட்டது. சிசுவுக்கு இப்படித் தனிச் சட்டம் எதுவும் நம் மாநிலத்தில் இல்லை.

உங்கள் நிலத்துக்கு என் பரிந்துரை இதுதான். கரூரின் மழையில் ஈட்டியைத் தோப்பாக நட வேண்டாம். சொட்டுநீர் போட்டு உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் விலைக்குரிய வைரம் சேர்வதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ குறைவு. ஆசைக்கு வண்டல் பகுதியின் ஓரத்தில் மற்ற மரங்களின் நடுவே பத்து கன்றுகள் வைக்கலாம், அதற்கு மேல் அதில் முதலீடு செய்யாதீர்கள். வண்டல் பாதியில் சிசு நடலாம். நிழலில் நட்டால் சூம்பிவிடும், ஆகவே வெயில் முழுதாகப் படும்படி நடுங்கள். வேர்க்கன்றுகள் கிளம்பும் என்பதால் கிணறு, வாய்க்கால், பக்கத்து வயல் வரப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஆரம்பத்தில் நெருக்கி நட்டு, வளைந்தவற்றை முதல் பத்தாண்டுகளுக்குள் கழித்துவிட்டால் நேரான தண்டுகள் மிஞ்சும். சிசுவுக்குக் கோணலாக வளரும் குணம் உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் விறகுதான் கிடைக்கும். கதவு, கட்டில் அளவுக்கான கட்டைக்கு முப்பது ஆண்டாவது காத்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டில் லட்சங்கள் என்று சொல்லும் விளம்பரத் தாள்கள் ஈட்டியின் விலையையும் சிசுவின் வேகத்தையும் சேர்த்து எழுதியவை.

களிமண் பாதிக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே நீர்மருது, புங்கன் போன்றவற்றை வையுங்கள். தேங்கும் நீரை அவை பொறுத்துக்கொள்ளும். வாங்கும் முன் இலையோடும் நெற்றோடும் ஒரு கிளையை மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ கோவையின் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலோ காட்டினால் இனத்தை உறுதிசெய்துகொள்ளலாம். எதை நட்டாலும், கன்று வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு, நட்ட ஆண்டிலேயே மரங்களின் பெயரையும் எண்ணிக்கையையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள சாகுபடிக் கணக்கான அடங்கலில் ஏற்றிவிடுங்கள். ஓரத்தில் வைக்கும் அந்தப் பத்து ஈட்டிக்கும் அதைச் செய்யுங்கள். அவை நீங்கள் நட்டவை என்பதற்குப் பிற்காலத்தில் வேறு சான்று கிடைக்காது.